பின்சுவரில் சிரித்தவர்கள்

எங்கள் காம்பராவின் பின்சுவரை நானும் என் மனைவியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். இடது பாதி எனக்கு. அதில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர்கள். வலது பாதி அவளுக்கு. அதில் சினிமாப் பத்திரிகைகளின் அட்டைப்பட நடிகைகள். காம்பரா என்றால் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறை. படுப்பதும் துணி மடிப்பதும் சாமி கும்பிடுவதும் அதற்குள்தான். அக்கரப்பத்தனைக் குளிரில் சுவருக்குத் தாள் ஒட்டாத காம்பராவை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் கோதுமை மாவில் பசை காய்ச்சி, புகையேறிய பழைய தாளின் மேலேயே புதிதை ஒட்டிவிடுவோம். மற்றவர்கள் கையில் கிடைத்த பேப்பரை ஒட்டினார்கள். நாங்கள் ஆள் பார்த்து ஒட்டினோம்.

எனக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை, அவளுக்கு மலையில் கொழுந்து பறிப்பது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எனக்கு ஒரு தனி சுறுசுறுப்பு வந்துவிடும். யார் யாரை விட்டுப் பிரிந்தார், முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றவர் யாரைக் கட்டிப்பிடித்தார் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஜெயிக்கப்போகிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். நான் தோற்கப்போகிறவர்களையும் விடமாட்டேன். யாருக்கும் தெரியாமல் வாக்குச் சீட்டில் ஒரு மூலையில் கிடக்கும் ஆட்களின் படத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைப்பேன். அவர்களுக்கு அவர்கள் வீட்டிலாவது ஓட்டு விழுந்திருக்குமா என்று உண்மையாகவே கவலைப்படுவேன்.

அவளுடைய அட்டைகள் பஜார் சலூனிலிருந்து வந்தன. முடி வெட்ட வந்தவர்கள் புரட்டிப் புரட்டி உள்தாளெல்லாம் கழன்ற பிறகு, அட்டையை மட்டும் சலூன்காரர் எனக்குத் தருவார். அட்டை இல்லாமல் வெறும் தலையோடு திரும்பினால் அன்றைக்கு வீட்டில் எனக்கு மரியாதை குறைந்துதான் இருக்கும். அட்டையில் ஒரு நடிகை புருஷனோடு சிரித்தபடி நின்றால், இவள் விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்ப்பாள். "இந்தச் சிரிப்பு நெலைக்காதுங்க" என்பாள். அநேகமாக அடுத்த வருஷம் பிரிந்துவிடுவார்கள். நான் தேர்தலுக்குச் சொன்ன கணிப்புகளைவிட அவள் குடும்பங்களுக்குச் சொன்ன கணிப்புகள்தான் அதிகம் பலித்தன.

"ஒங்க ஆளு நேத்து கட்சி மாறிட்டாராமே?" என்று வம்புக்கு இழுப்பாள்.

"ஒன் ஆளு புருஷனையே மாத்திருச்சு. அதுக்கு இது தேவல."

"அது அவ சொந்த வீட்டு வெவகாரம். ஒங்க ஆளு நம்ம வீட்டு வெவகாரத்துலல்ல பொய் சொல்றாரு!"

நம்ம வீட்டு விவகாரம் என்று அவள் சொன்னது தனி வீடு. ஹட்டனுக்கு வந்து மேடையேறிய ஒவ்வொருவரும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் பேசியது அதைத்தான். லயத்தை ஒழிப்போம், காணியோடு வீடு தருவோம். கூட்டத்தில் நின்று கை தட்டிவிட்டு, மேடையருகே மிஞ்சிய சுவரொட்டியைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் இருந்தது. மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மட்டும் இவள் கறாராக இருந்தாள். "ரொட்டி சுட மாவில்ல, ஒங்க ஜனாதிபதிக்குப் பசையா?" என்று சட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அந்த வருஷம் கஞ்சித் தண்ணீரில் ஒட்டினேன். ஒருவரும் சுவரில் நிற்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கொழும்பில் துணிக்கடையில் வேலைக்குப் போனவள், அங்கேயே கட்டட வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். பேத்தி பிறந்த பிறகு ஒரு தடவை மூன்று பேரும் வந்தார்கள். அப்போதுதான் மருமகன் அந்த வெடிப்பைப் பார்த்தார். பின்சுவரில் கூரைப்பக்கமிருந்து கோணலாக இறங்கியிருந்தது. அவர் தாளைக் கிழித்துவிட்டு, விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார். விரல் முழுதும் போனது. பிறகு வெளியே போய், லயத்துக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டை மழையில் நனைந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மேடு எறங்குது. இந்தக் காம்பராவுல இனி புள்ளயப் படுக்க வைக்க ஏலாது" என்றார்.

நான் என்ன கோபிப்பது? அவர் சுவர் கட்டுகிறவர். இஸ்தோப்பில், அதுதான் முன்வாசல் தாழ்வாரத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள் இராப்பொழுதைக் கழித்தாள். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். புது வீடு கிடைக்கட்டும், வந்து மாதக் கணக்கில் இருக்கிறோம் என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பேத்தியைப் போனில்தான் பார்த்தோம். போனில் பல் முளைத்தது, போனில் நடந்தது. என் மனைவி போன் கண்ணாடியைத் தடவிப் பார்ப்பாள், படம் நின்றுவிடும்.

அடுத்த தேர்தல் வந்து போனது. ஜெயித்தவருடைய சுவரொட்டிதான் என்னிடமிருந்ததிலேயே பெரியது. வெடிப்பு வழியாகக் காற்று ஊசியாகக் குத்தியதால் அதன் மேல் அவரையே ஒட்டினேன். வெடிப்பு நெற்றியில் தொடங்கித் தாடை வழியாகப் போனது. இரட்டைத் தாள் கொடுத்து ஒட்டியதில் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், தோட்டத் தலைவர் சொன்னார். "நாளைக்கி கவுருமெண்டு கச்சேரி ஆபீசிலருந்து பெரியவங்க வாறாங்க. மண்ணு எறங்குற லயத்த எல்லாம் பாத்து, புது வீட்டுக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம். எல்லாரும் வீட்ட நல்லா வச்சுக்கங்க."

அவர் சொன்ன கடைசி வார்த்தையைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். தோட்டத்தில் லயம் பார்க்க ஆள் வருகிறது என்றால் அது சுத்தம் பார்க்க வருவது என்றே எங்களுக்குப் பழக்கம். தோட்டத்தை நடத்தும் துரை வந்தாலும் அப்படித்தான், சுகாதாரக்காரர் வந்தாலும் அப்படித்தான். அழுக்காக வைத்திருந்தவன் ஏச்சு வாங்குவான். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து உடம்பில் ஊறிய பயம் அது. இடிந்துவிழும் வீட்டை இடிந்தபடியே காட்ட வேண்டும் என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"குப்பையாக் கெடந்தா, புது வீடு குடுத்தாலும் இந்த ஆளுங்க இப்பிடித்தான் வச்சிருப்பாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள் என் மனைவி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்று முழுக்க லயமே வேலை செய்தது. தண்ணீர் ஓடும் கானைக் கழுவினோம், வாசலில் சாணம் தெளித்தோம். அவள் தீபாவளிக்கு என்று சேர்த்து வைத்திருந்த அட்டைகளையெல்லாம் எடுத்தாள். நான் பசை காய்ச்சினேன். பேத்தி வந்து விளையாடப்போகிற வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டு ஒட்டினோம். அவள் சந்தோஷமாக இருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வந்தவர்களில் ஒரு சிங்கள அதிகாரிதான் எங்கள் காம்பராவுக்குள் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹரி ஷோக்!" என்று ரசித்துச் சிரித்தார். ஒவ்வொரு வேட்பாளரையும் பெயர் சொல்லிக் காட்டினார். மறந்தே போன ஒருவரைக் கண்டுபிடித்து, "இவருமா?" என்று கேட்டார். என்னைப் போல இன்னொருவரைச் சந்தித்த மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதை கதையாகச் சொன்னேன்.

அப்புறம்தான் வெடிப்பு ஞாபகம் வந்தது. "மாத்தயா, இதுக்குப் பின்னால வெடிச்சிருக்கு" என்று சுவரொட்டியின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். என் மனைவி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, கவுருமெண்டு ஆளு முன்னுக்கே அவரு மூஞ்சியக் கிழிக்கப் போறீங்களா? கெடைக்கிறதும் போயிரும்!" என்று காதோடு சொன்னாள்.

அவள் சொன்னது சரிதானே. நாட்டின் ஜனாதிபதி முகம் அது. நகத்தை எடுத்துவிட்டேன். "கொஞ்சம் வெடிப்பு இருக்கு மாத்தயா" என்று வாயால் மட்டும் சொன்னேன். அவர் சுவரைக் கையால் தடவினார். புதுப் பசையில் தாள் இறுகி வழுவழுவென்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, போனில் படம் எடுத்தார். எடுக்கும்போது எங்களையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். அவள் ஓடிப்போய்த் தலைவாரிக்கொண்டு வந்தாள்.

எங்களுக்கு வீடு வரவில்லை. எங்கள் லயத்தில் ஒருவருக்குமே வரவில்லை. பக்கத்து டிவிஷன் லயத்திலிருந்து புது வீட்டுக்குச் சாமான் எடுத்துப் போக லொறி வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அங்கே சுவர் போன மழையிலேயே பாதி விழுந்திருந்ததால் அவர்களால் எதையும் மூடி வைக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் ஆபீசுக்குப் போனோம். அதே அதிகாரி எங்களை மறக்கவில்லை, உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். இடது பக்கம் வேட்பாளர்கள், வலது பக்கம் நடிகைகள், நடுவில் நாங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இதுல வெடிப்பு எங்க?" என்று வருத்தமாகவே கேட்டார். அடுத்த முறை லயம் பார்க்க ஆட்கள் வரும்போது சொல்கிறேன் என்றார். எப்போது வருவார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருந்தால் அன்றைக்குப் பஸ்ஸில் பேச எங்களுக்கு ஏதாவது இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தாளையெல்லாம் உரித்தேன். வெடிப்பில் இப்போது ஒரு கை போகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்க் கை வைத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு பொழுதுபோக்கு இல்லை. அடுத்து யார் நிற்கப்போகிறார்கள் என்று ஸ்டோரில் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால் தெரியாது என்கிறேன், உண்மையிலேயே தெரியாது. பலத்த மழையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்கிறோம், மழை வெறித்ததும் திரும்பி வருகிறோம்.

போன வாரம் மகள் போன் எடுத்தாள். பேத்தி எங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். "அம்மா, அவருகிட்டப் பேசிட்டேன். செவரு எப்பிடியும் கெடக்கட்டும். இந்தத் தீவாளிக்கி வாறோம்" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவோ கெஞ்சியவள் என் மனைவி. கோபித்துக்கொண்டு போனை வைத்திருக்கிறாள், சாமிக்கு நேர்ந்திருக்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம் தாயி" என்றாள். "வராதீங்க. புள்ளயக் கூட்டிக்கிட்டு இங்க வராத. நாங்க இருக்கிறவரைக்கும் வராத."

சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் காதில் வைத்தேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளே வைக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னா சொன்னா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"சரின்னுட்டா" என்றேன்.