மருந்து என்ற சொல்

எங்கள் ஊர் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. திருத்தங்கலைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் சிறிய ஊர். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாசு கம்பெனி விபத்தில் கை வெந்துபோன சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். புண் ஆறியும் முழங்கை மடங்கியபடியே இறுகிக்கொண்டு வந்தது. பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கிருந்த கூட்டத்தில் அவசரமாகக் காட்டியது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குங்கியே, இதையும் பாத்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

'தீக்காயம் மருந்து பயிற்சி' என்று தட்டினேன். 'இந்தப் பக்கம் தடை செய்யப்பட்டுள்ளது' என்று திரை சிவந்தது. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதாகப் பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் பட்டாசு கம்பெனியில் வேலை விட்டதும் அம்மா, உடம்பில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைக்கூடக் கழுவாமல், என்னை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். நூலகர் இளம்பெண். பையன்கள் சிலர் வீடியோ பார்த்துப் பட்டாசு மருந்து கலக்கப் பழகியதால் 'தீ', 'வெடி', 'மருந்து' எல்லாவற்றையும் தானே பூட்டிவிட்டதாகச் சொன்னார்.

"ரெண்டுக்கும் ஒரே பேருதாம்மா. ஆனா ஒரு மருந்து சுடும், ஒரு மருந்து ஆத்தும்ல?" என்றாள் அம்மா.

"திறந்துவிட்டா அவனுக திரும்ப வந்து உக்காருவானுக அக்கா. ஒருத்தனுக்கு ஒண்ணு ஆனாலும் நான்தான் பதில் சொல்லணும்."

"பூட்டவே வேண்டாம்னு நான் சொல்லலையே. கலக்குறதைப் பூட்டியே வைங்க. வெந்ததை ஆத்துறதை எதுக்குப் பூட்டுறீக? என் தங்கச்சி கை இப்ப நிமிரலைன்னா அப்புறம் நிமிராது."

அம்மா குரலை உயர்த்தவேயில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகர் ஒரு கம்ப்யூட்டரைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டு, அதில் மட்டும் காயம் ஆற்றும் பக்கங்களின் பூட்டை எடுத்துவிட்டார். திரையில் ஒரு பெண் கையை நீட்ட, அம்மாவும் அங்கேயே நின்று தன் கையை நீட்டி மடக்கிப் பழகினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் சித்தி அழுதாள், திட்டினாள். அம்மா விடவில்லை. அடுத்த பட்டாசு சீசன் தொடங்குவதற்குள் சித்தி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். அதன்பிறகு தாயில்பட்டியிலிருந்துகூட ஆட்கள் அந்தக் கம்ப்யூட்டரைத் தேடி வந்தார்கள். எங்கள் அம்மா பேசி வாங்கிக்கொடுத்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒன்று மட்டும் எனக்குக் குறையாக இருந்தது. ராக்கெட் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. அவ்வளவு தைரியமாகப் பேசியவள் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அம்மா சித்தியின் கையை நீவிக்கொண்டிருந்தாள். நூலகருக்குப் பயந்து பாதியில் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றே முடிவுகட்டினேன். மருந்து கலக்கும் அறைக்கு அடுத்த அறையில்தான் அவள் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை அந்தப் பூட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.