பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. அவர்கள் நாள் முழுக்க கார் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். எங்கே ஓட்டுகிறார்கள்? பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரேக் அக்காவும் இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர் அது. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

அவள் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலுக்கு இருந்தது ஒரே ஒரு கார். ஜப்பான்காரர்கள் போட்ட குட்டிக் கார், வெள்ளை நிறம். விலை குறைச்சல், பெட்ரோல் குடிக்காது, எது கெட்டாலும் பாகம் மூலைக் கடையில் கிடைக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் டீச்சர் மிதிப்பதற்காக பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். அதை மிதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதத்தை பிரேக் மேல் வைக்கக் கூடாது. வைத்தால் ஓட்டுகிறவருக்குத் தன் கால்மேல் நம்பிக்கையே வராது. தள்ளி வைத்தாலோ, குறுக்கே வருகிற சைக்கிள்காரரின் கதி அதோகதி. ஆகவே பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, பாதத்தை அந்தரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும், நாள் முழுக்க. நீங்கள் அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் முன்சீட்டின் அடியில் மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடியைப் போட்டு மிதிக்கும். ஓடுகிற வண்டி எதிலும் அவள் கண்ணை மூடியது கிடையாது. ராத்திரி ரயிலில் குடும்பமே குறட்டை விட, அவள் மட்டும் உட்கார்ந்து எஞ்சின் டிரைவருக்குத் துணையாக விழித்திருப்பாள்.

ஆனால் அவளுக்கும் ஒரு கனவு இருந்தது. அது சிக்னல் சிக்னலாக வளர்ந்த கனவு. மாணவர் எஞ்சினை அணையவிட்டுவிட்டு சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். பின்னால் நிற்கிற அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்கள். டிரைவிங் ஸ்கூல் என்று மஞ்சள் போர்டு மாட்டிய கார் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். அந்த ஹாரன் ஒவ்வொன்றும் தன் முதுகில் விழுவதாக அக்காவுக்குத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற கார்களைப் பார்ப்பாள். ஒருநாள் நாவல்பழ நிறத்தில் ஒன்று நின்றது. இந்தக் குட்டிக்கும் இதே நிறம் அடித்தால் என்ன என்று நினைத்தாள். இன்னொரு நாள் நட்சத்திரம் போல விரிந்த அலாய் வீல். அப்புறம் பின்பக்கம் இறக்கை வைத்த மாதிரி ஸ்பாய்லர். கைக்கு அடக்கமான குட்டி ஸ்டீயரிங். கடைசியாக, தடித்த சைலன்சர். இப்படியாக மனசுக்குள் ஒரு காரையே கட்டி முடித்துவிட்டாள்.

"அம்மா, நீ சொல்றதெல்லாம் வச்சா அது கார் இல்ல, சர்க்கஸ் வண்டி," என்பாள் மகள்.

"இருக்கட்டுமே. சர்க்கஸ் வந்தா எல்லாரும் ஒதுங்கி நின்னு பாக்கறாங்கல்ல?"

கணவர் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதட்டிப் பேசத் தெரியாது. கார் ஓட்டவும் தெரியாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கல்யாணமான புதிதில் அக்காதான் அவருக்குக் கற்றுக்கொடுக்கப் போனாள். அடுத்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள், கட்டின கணவரிடம் நடுத்தெருவில் வாய்க்கு வந்தபடி கத்தினாள். அவர் பிரேக்கைத் தொடும் முன்னாலேயே இவள் மிதித்தாள், திரும்பத் திரும்ப மிதித்தாள். ஒரு முச்சந்தியில் அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், கதவைத் திறந்தார், இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அதற்கப்புறம் ஸ்டீயரிங் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்க மூஞ்சியும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு வயதாகிவிட்டது. கடையை மூடினார். போகிறபோது காரை அக்கா பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மஞ்சள் போர்டைக் கழற்றி பரணில் போட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினார்கள். கணவரும் மகளும் பின்சீட்டில் ஏறினார்கள். அக்கா வீட்டைப் பூட்டினாள், கதவைத் திறந்து உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். "ம், கிளட்ச்சை முழுசா மிதிச்சு முதல் கியரப் போடுங்க," என்றாள்.

கார் நகரவில்லை.

"யாரும்மா போடணும்?" என்று பின்னாலிருந்து மகள் கேட்டாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். டிரைவர் சீட்டு காலியாகக் கிடந்தது. சொந்தக் காரில், முதல் நாளில், மகராசி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மகள் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. கணவர்கூட முகத்தைக் கைக்குட்டையில் மூடிக்கொண்டார். அக்காவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. இத்தனை வருஷம் எந்த சீட்டில் இருந்தோம் என்று உடம்புக்கு மட்டும் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த பிரேக்கைப் பிடுங்கி எறிந்தால்தான் இந்தக் கார் தன்னுடையதாகும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாளே வண்டி மெக்கானிக் தம்பியின் ஷெட்டுக்குப் போனது. அக்காவிடம் ஓட்டப் படித்தவன்தான் அவன், அவள் கேட்டால் மறுக்க மாட்டான். நாவல்பழ நிறம் ஏறியது. வீல் மாறியது, ஸ்பாய்லர் உட்கார்ந்தது, ஸ்டீயரிங் சின்னதானது. சைலன்சரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது ஜலதோஷம் பிடித்த யானை தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இனி அந்த பிரேக் ஒண்ணுதான் பாக்கி. சனிக்கிழமை கழட்டிடறேன்க்கா," என்றான் தம்பி.

அந்தச் சனிக்கிழமைக்குள்தான் முழங்கால் காலை வாரிவிட்டது. வலி ரொம்ப நாளாகவே இருந்ததுதான், அவள்தான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தாள். இப்போது படியேற முடியவில்லை. கணவர்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வலது மூட்டு தேய்ஞ்சே போச்சு. மாத்திதான் ஆகணும். அப்புறம் மாசக்கணக்குல வண்டி ஓட்டக் கூடாது. காலைத் திடீர்னு அழுத்தவே கூடாது, ஞாபகம் வச்சுக்குங்க," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஷெட்டுக்குப் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாளாவது, பக்கத்தில் பிரேக் இல்லாத காரில், தானே ஓட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போய்விட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் பிரேக் அப்படியே இருந்தது.

"ஏண்டா கழட்டல?"

தம்பி தலையைச் சொறிந்தான். "மாமா வந்து கழட்ட வேணாம்னுட்டாருக்கா."

அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம். நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு சொன்னீங்க? அது என் வண்டி. இருபது வருஷமா நான் ஆசப்பட்டது அது ஒண்ணுதான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு ஓட்டக் கத்துக்கொடு," என்றார் அவர்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி இருக்கு. நீங்க இந்த வயசுல கஷ்டப்பட வேணாம்," என்றாள்.

"டாக்ஸியில உன் கால் சும்மா இருக்குமா? சொல்லு. எவனோ ஒருத்தன் திடீர்னு பிரேக்க ஒரு போடு போடுவான், நீ அவனுக்கு முன்னாடி தரையைப் போட்டு மிதிப்பே. புது மூட்டு. டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன்ல?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "உன் காலு மிதிக்கத் தேவையில்லாத மாதிரி ஓட்ட ஒரு ஆள் வேணும். வேற யாரு அவ்வளவு மெதுவா ஓட்டுவாங்க? நான் கத்துக்கறேன். அதுவரைக்கும் அந்த பிரேக் இருக்கட்டும்."

அவள் அடுப்படிக்குப் போய் நின்றாள். அழுகை அழுகையாக வந்தது. மறுபடியும் அந்த சீட்டிலா என்று ஆத்திரம் ஒரு பக்கம். நடுத்தெருவில் கத்தி விரட்டின மனுஷன் தன் காலுக்காகத் திரும்பி வந்து நிற்கிறாரே என்று இன்னொரு பக்கம். பரணிலிருந்து மஞ்சள் போர்டை அவர்தான் இறக்கினார். தூசு தட்டி, லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்தும் வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நாவல்பழ நிறத்தில், இறக்கை வைத்த கார், ஊரையே தூக்குகிற உறுமலோடு வரும். எல்லாரும் பதறி ஒதுங்குவார்கள். பார்த்தால், வருவது நடைவேகத்தில். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்று கையாட்டும். உள்ளே கணவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அக்கா வாயில் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருப்பாள். கத்தக் கூடாதென்று அவளே செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஆனால் மனுஷனிடம் ஒரு விஷயம் இருந்தது. லென்ஸ் தேய்த்த கை அல்லவா. அழுத்தினால் விரிசல் விடும், அவசரப்பட்டால் கீறல் விழும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அதை மெல்ல மெல்லக் காலுக்குச் சொல்லிக்கொடுத்தார். தூரத்தில் சிக்னல் மாறுவதைப் பார்த்தவுடனேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். கார் நின்றது தெரியாமல் நிற்கும். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னிக்கு மிதிச்சியா?"

"மிதிச்சேன்," என்பாள். அவர் முகம் தொங்கிப்போகும். சில நாள், "ஒரே ஒரு தடவை. அதுவும் அந்த நாய் குறுக்க வந்ததால," என்பாள். அன்றைக்கு மனுஷன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார். லைசென்ஸ் டெஸ்ட்டில் பாஸ் ஆகிவிட்டார். ஆனால் "மிதிக்கவே இல்ல" என்ற பதில் மட்டும் ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் சாவியை அவளிடம் நீட்டினார். "நீ ஓட்டு. வலிச்சா நிறுத்திடு."

கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். இந்தத் தடவை சரியான சீட்டில்தான் ஏறினாள். யானை செருமியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆசை தீர ஓட்டினாள். ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் ஹாரன் அடிக்காமல், கண்ணாடியை இறக்கி, வாயைப் பிளந்து பார்த்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து சீட்டில் கணவர், பிரேக்கில் பட்டுவிடாமல் இரண்டு காலையும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூட்டு மாற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் மறுபடியும் சொன்னார், காலைத் திடீரென்று அழுத்தவே கூடாது என்று. ஆஸ்பத்திரி வாசலில் நாவல்பழக் கார் நின்றது. நர்ஸும் மகளும் பிடித்து ஏற்ற, அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கால் தானாக எழும்பும், தன்னால் தடுக்க முடியாது, அவ்வளவும் பாழாகிவிடும் என்று நினைத்தாள். அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எனக்கு பயமா இருக்குங்க."

"எனக்குந்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கியரைப் போட்டார்.

தெரு மெதுவாக நகர ஆரம்பித்தது. ஒரு பஸ் முந்திப் போனது. ஒரு திருப்பம் வந்தது, அது வந்தது தெரியாமலே போனது. சிக்னல் ஒன்று வருவதைப் பார்த்தாள், கார் ஏற்கனவே நிற்க ஆரம்பித்திருந்தது. அடுத்த சிக்னலை அவள் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது எஞ்சின் சத்தம் இல்லை. கழுத்து ஒரு பக்கம் வலித்தது, வாயோரம் ஈரமாக இருந்தது.

"எங்க இருக்கோம்?"

"வீட்டு வாசல்ல," என்றார் அவர். இரண்டு கையும் இன்னும் ஸ்டீயரிங்கை விடவில்லை. பின்சீட்டில் மகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டனா?"

"பாலம் தாண்டறதுக்கு முன்னாடியே தூங்கிட்ட. குறட்டை வேற."

அவள் குனிந்து பார்த்தாள். வலது பாதம் பிரேக்கை விட்டுத் தள்ளி, மிதியடி மேல், விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இருபது வருஷத்தில் அந்தப் பாதம் அப்படிக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. யாருடைய காலோ என்று தோன்றியது.

"மிதிச்சியா?" என்று கேட்டார் அவர்.

"இல்லங்க," என்றாள் அவள். "மிதிக்கவே இல்ல." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் இருக்கிறாள் என்று பார்க்கவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. அப்புறம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "வண்டி கோணலா நிக்குது."

"முதல்ல எறங்கு நீ," என்றார் அவர்.

"எறங்கறேன், எறங்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். "ஏய், மெக்கானிக் தம்பிக்கு ஒரு போன் போடு. நாளைக்கு வந்து இந்த பிரேக்கக் கழட்டிட்டுப் போகச் சொல்லு."