ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை

வடகிழக்கு முகம் எதைக் கண்டாலும் "எந்த ஊர்?" என்று கேட்டுவிடும் அநாகரிகம் எனக்கு உண்டு. இளவயதில் கிழக்கு இமயமலையின் ஒரு பள்ளத்தாக்கில் நான்கு மாதம் தங்கி, திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி ஒன்றை ஆராய்ந்தவன் நான். மூன்றே ஊர்களில் பேசும் மொழி. ஆய்வேடு முடியவில்லை. முடிந்திருந்தால் பேராசிரியராகியிருப்பேன், முடியாததால் முகப்பேரில் உட்கார்ந்து பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். இரண்டுக்கும் சம்பளத்தைத் தவிரப் பெரிய வித்தியாசமில்லை என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த ஒரு வித்தியாசம் போதாதா என்பது அவள் கட்சி.

சென்ற ஆண்டு மண்ணூர்பேட்டையில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, எதிரே தள்ளுவண்டியில் மோமோ விற்ற பெண்ணிடம் வழக்கம்போல் கேட்டேன்.

"மண்ணூர்பேட்ட," என்றாள்.

"அதில்லம்மா, சொந்த ஊரு?"

"கட்டிக்கினவரு ஊருதான் சார் என் ஊரு. சர்ச்சாண்ட கேட்டுப் பாருங்க, சொல்வாங்க. நீங்க எந்த ஊரு? இந்தப் பக்கம் பாத்தா மாறி இல்லியே."

அவளுடைய சென்னைத் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், என் மலைமொழியில் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணிக் காட்டினேன். இத்தனை ஆண்டுகளாக நான் போட்டுவரும் தூண்டில் அது. மணிப்பூர்க்காரர்களும் நேபாளிகளும் பாவமாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அப்பால?"

"அப்பால மறந்துபோச்சு."

ஆறை அவளே சொன்னாள்.

அந்த மூன்றில் தொங்குபாலத்துக்குக் கீழே இருக்கும் ஊர்தான் அவளுடையதாம். அந்தக் காலத்தில் அங்கே இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர். சாலை போடும் கூட்டத்தோடு அலைந்து கற்றவர். வெளியிலிருந்து வருகிற எவனும் அவர் வீட்டில்தான் போய் விழ வேண்டும், நானும் விழுந்தேன். இடது கையில் இரண்டு விரல் இருக்காதே, அவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எங்கப்பா," என்றாள்.

நான் திரும்பி வந்த மறு மழைக்காலத்திலேயே மண்சரிவில் போய்விட்டாராம். கடிதம் போடுகிறேன் என்று சொல்லி வந்த நான் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவளுக்கு அன்று நாலு வயது. ஒரு போட்டோ இருக்கிறது, குரல்தான் ஞாபகமில்லை.

"பேசுனா எதிர்மலைக்குக் கேக்கும்னு எங்கம்மா சொல்லும் சார். எனக்கு ஒண்ணுமே வரல."

பதினோரு கேசட்டில் அவர் குரல் என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பரணில் கிடக்கும் நாடாவைப் பூஞ்சை தின்றிருக்கலாம். அதைவிடப் பெரிய பயம், தின்னாமல் இருந்தால் அவற்றில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான்.

எங்கள் துறையில் ஒரு சொற்பட்டியல் உண்டு. பேன், பல், சாம்பல், தொப்புள். நான் இந்தியில் கேட்பேன்; அவர் தம் மொழியில் மூன்று முறை சொல்வார். சாம்பல் என்றதும் அவருக்கு ஏதோ கதை நினைவுக்கு வரும். வாயெடுப்பார். உடனே நான் பொத்தானை அமுக்கி ரெக்கார்டரை நிறுத்துவேன். மலையில் கேசட் கிடைக்காது; அரட்டைக்கு நாடாவை வீணாக்காதே என்று வாத்தியார் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தன் புருஷனோடு என் வீட்டுக்கு வந்தாள். மனைவி யாரிடமோ டேப்ரிக்கார்டர் இரவல் வாங்கி வைத்திருந்தாள். நாடா ஓடியது. முதலில் என் குரல்: தன்னை மிகவும் மதிக்கும் ஒரு கொசு இந்தி பேசியது. பிறகு அவர். பேன், பேன், பேன். அவள் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தாள். பல், பல், பல். சாம்பல், சாம்பல், சாம்பல். மூச்சை இழுத்து ஏதோ தொடங்கினார். டக்.

"இன்னா சார், கட்டாயிடுச்சி?"

"நான்தாம்மா நிறுத்தினேன்."

ஐந்தாவது டக்கில் புருஷன் பொறுமை இழந்தார். "மன்சன பேசவே உட மாட்டியா நைனா நீ?"

"இங்கயும் இதே கதைதாங்க," என்றாள் என் மனைவி.

ஒரு பக்கம் தீர்ந்தது. ஒரு வாக்கியம்கூட இல்லை. "அப்பா குரல்தானேம்மா?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எனக்கு எப்டி சார் தெரியும்?"

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். பாதியில் ஓரிடத்தில் நான் நிறுத்த மறந்திருக்கிறேன். அவர் வேறு பக்கம் திரும்பி உரக்க ஏதோ சொன்னார். தூரத்தில் ஒரு பெண்குரல் வெடுக்கென்று பதில் சொன்னது. இங்கே அவள் சட்டென்று சிரித்தாள்.

"இன்னா சொல்றாரு?" என்றார் புருஷன்.

"'இந்தாளு எல்லாத்தியும் கேட்டு முடிக்காம போ மாட்டான், இவனுக்கும் சேத்து அரிசி போடு'ன்றாரு. அது, 'நேத்து துன்னது பத்தலியா'ங்குது." சிரிப்பு நின்றது. "அது எங்கம்மா குரலு சார். அப்ப இவரு எங்கப்பாதான்."

என் பழைய நோட்டில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். 'இடையூறு. பயனற்றது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

அந்தச் சில விநாடிகளை அவள் போனில் பதிந்து மலையிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் வருகிறாள். மிச்ச கேசட்டுகளில் நான் வேறெங்கே நிறுத்த மறந்து கோட்டை விட்டிருக்கிறேன் என்று தேடுகிறோம். வாத்தியாரிடம் சோம்பேறி என்று பெயர் வாங்கியதற்காக அன்று வருந்தியவன், அந்தப் பெயர் உண்மையாக இருக்க வேண்டுமே என்று இப்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது கேசட் முழுக்க நான் மிக ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன்.