பச்சை இழை

வெளிநாட்டு ஆய்வகமொன்றில் ஒளியிழை ஆராய்ச்சி வேலைக்கு எனக்கு ஆன்லைன் நேர்காணல். முனைவர் பட்டம் வாங்கி இராஜபாளையம் வீட்டில் முடங்கிக் கிடந்த எனக்கு வந்த ஒரே அழைப்பு. தொடங்க அரைமணி இருக்கும்போது இணையம் போனது. மொபைலிலும் சிக்னல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது என்றார்கள். ஸ்கூட்டியில் பறந்தேன்.

குழியோரம் ஒருவர் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வீட்டு லைன முதல்ல ஒட்டிருங்க. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு,” என்று அழுதேன்.

“இந்தப் பச்சை ஆஸ்பத்திரி லைன்மா. இத முடிச்சுட்டுத்தான் பொறவு மத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல சிக்னல் இருக்காம், வேணும்னா அங்க போங்க.”

ஸ்கூட்டியைத் திருப்பினேன். ஒரு பஸ் கடந்தது. புழுதி கிளம்பியது. அவர் இழையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தூசி பட்டால் ஒட்டு நிற்காது என்பது எனக்குத் தெரியாதா?

இறங்கி, புழுதி விழாதபடி குழிக்கு மறைப்பாகத் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்கள் போயின. என் நேரமும் போனது.

“ஆஸ்பத்திரி லைன் வந்துட்டும்மா,” என்றார். இழைக்குள் ஓடும் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் வேலை கிடைக்கவில்லை. “நீ பாட்டுக்குப் போயிருக்கலாம்லா” என்று அம்மா அழும்போது தலையாட்டுகிறேன். துப்பட்டாவை விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.