மணியம் அண்ணன் விடாமல் வைத்திருந்த பயம்

உலு திராம் பாசாரில் மீன் நிறுக்கச் சொல்லிவிட்டு நின்றிருந்தபோது தேவகி அண்ணியின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் யாரையும் அழைக்கமாட்டார்.

"தம்பி, அண்ணன் போய்ட்டாரு," என்றார். குரலில் அழுகை இல்லை. செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசுகிறவர் போல இருந்தார். "தேத்தண்ணி கலக்கிக் கொண்டுபோனேன். கூப்பிட்டேன். திரும்பல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவிருப்பது என் வலது கை சட்டைப்பைக்குப் போனதுதான். அன்று நான் போட்டிருந்த சட்டையில் பையே கிடையாது. சிகரெட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், மணியம் அண்ணன் இறந்த செய்தி கேட்டவுடன் கண்ணீருக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு சிகரெட் வேண்டும் என்ற தவிப்பு. அவரை அறிந்தவர்கள் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இருந்திருந்தால் அவரே, "கை எங்க போச்சு, சொல்லு," என்று கேட்டிருப்பார்.

பாசாருக்கு வெளியே, புகைக்கக்கூடாத எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நாலைந்து பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். என் கார் அவர்களுக்குப் பின்னால் நின்றது. நான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சாக்கடையோரமாகப் போய்க் காரை எடுத்தேன். மீனை வாங்காமல் வந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சுப்ரமணியம் என்ற அவருடைய முழுப்பெயரைப் பலர் மரண அறிவிப்பில்தான் முதன்முதலாகப் படித்திருப்பார்கள். பாசிர் கூடாங்கில் நாங்கள் வேலை செய்த எரிபொருள் கிடங்கில் அவர் எல்லோருக்கும் மணியம்தான். ஷிப்ட் மேற்பார்வையாளர். நான் லாரிகளுக்கு எண்ணெய் ஏற்றும் பகுதியில் இருந்தேன். அவரைப்போல் பயந்த ஒருவரை அந்தக் கிடங்கு பார்த்திருக்காது. மூடிய வால்வை மீண்டும் போய்த் தொட்டுப் பார்ப்பார். வேலை முடிந்து காரில் ஏறியவர் இறங்கி வந்து, "அந்தக் கடைசி லாரிக்கு எர்த் வயர் மாட்டினியா? பொறி பறந்துறப் போவுது," என்று கேட்பார். பின்னால் சிரித்தவர்கள் உண்டு. முகத்துக்கு நேராகச் சிரித்த ஒருவரிடம் அவர் கோபப்படாமல், "பயப்படுறவன்தான் தம்பி வீட்டுக்குப் போவான்," என்றார்.

அப்படிப்பட்டவர் அந்தக் காலத்தில் சிகரெட்டுக்கு மட்டும் பயப்படவில்லை. வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில், புகைப்பவர்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஓய்வு நேரமெல்லாம் நாங்கள் இருவரும் அங்கேதான். எங்கள் நட்பு வளர்ந்ததே அந்தப் புகையில்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

குளுவாங்கில் இருந்த அவருடைய அண்ணனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். புகைத்துப் புகைத்து ரத்தக்குழாய் சுருங்கி, விரல்கள் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே இல்லை. நாங்கள் கட்டிலருகே போனதும் அந்த மனிதர் தம்பியின் முகத்தைப் பார்த்து, "வச்சிருக்கியா?" என்று கேட்டார். தொலைபேசியைக் கேட்கிறார் என்று நினைத்து மணியம் அண்ணன் அதை நீட்டினார். அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டு விரல்களை உதட்டில் வைத்துக் காட்டினார். போர்வை கால் இருக்கவேண்டிய இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மணியம் அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது.

"கால எடுத்துட்டாங்க குணா. ஆசைய எடுக்க முடியல, பாத்தியா?"

"அவரு அண்ணே... இப்பதானே ஆப்பரேஷன் முடிஞ்சிருக்கு."

"எனக்கும் இப்ப ஒண்ணு வேணும்போல இருக்கு. அத பாத்துட்டு வந்துமே வேணும்போல இருக்குன்னா, இது என்னான்னு நெனைக்கிற?"

பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் புகைக்கவில்லை. அந்தப் பெட்டியில் மீதமிருந்ததை நான்தான் புகைத்தேன். கொட்டகைக்கு அவர் வராமல் போன பிறகு அங்கே தனியாக உட்கார எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சில வாரங்களில் நானும் விட்டேன்.

விட்டால் முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன். முதல் மாதத்தின் எரிச்சல், தூக்கமின்மை, வாயில் எப்போதும் எதையாவது போட்டுக்கொள்ளும் பழக்கம் எல்லாம் அடங்கின. பிறகு வாரக்கணக்கில் நினைப்பே இருக்காது. திடீரென்று ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, அல்லது யாருடனோ வாய்த்தகராறு முடிந்து காரில் உட்காரும்போது, நேற்றுத்தான் விட்டதுபோல் அது முன்னால் வந்து நிற்கும். இதை அவரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "அது எங்கயும் போகல குணா. பேசாம உக்காந்திருக்கு, அவ்ளோதான்," என்றார். அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யாருக்கு அது வந்தாலும் மற்றவரை அழைப்பது. அவர் அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லச் சொல்வார். "ஒரு மோட்டார் சைக்கிள் நிக்கிது அண்ணே. ஒரு சீன ஆண்ட்டி வாழப்பழம் பொரிக்கிறாங்க," என்பேன். "அத வாங்க எத்தன பேரு நிக்கிறாங்க?" என்பார். இப்படியே பேசிக்கொண்டிருக்கையில் அது தணிந்துவிடும். சில நிமிடங்களுக்கு மேல் அது நின்றதில்லை. அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு பகலில் என் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்துக் கிடங்கில் வாயுக் கசிவென்று சைரன் ஒலித்தது. எல்லோரையும் வாசலுக்கு வெளியே சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தினோம். மணியம் அண்ணன் பெயர் வாசித்து ஆட்களை எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் லாரி ஓட்டுநர்களின் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் உதட்டில் ஒரு சிகரெட் இருந்தது. பற்றவைக்கவில்லை. எதிரே நின்றவர் தன் லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். கசிவு நடந்த பக்கத்திலிருந்து காற்று எங்களை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டுநரிடம் மலாயில் பற்றவைக்காதே என்று கூவினேன். மணியம் அண்ணன் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். பிறகு கையை உதட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

நடைபாதை விளிம்பில் அவரை உட்காரவைத்தேன்.

"யாரு குடுத்தாங்க அண்ணே?"

"தெரியல."

"நீங்க கேட்டீங்களா?"

"தெரியல குணா. சத்தியமா தெரியல. நான் எடுக்கல. அப்போ எடுத்தது யாரு?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. தம் கையைப் பார்த்துக் கேட்டார். வேறொருவன் அந்த இடத்தில் புகைக்க நினைத்திருந்தால் அன்றே வேலையைவிட்டு நிறுத்தியிருக்கக்கூடிய மனிதர் அவர். கசிவை அடைத்துவிட்டார்கள், எல்லோரும் உள்ளே போனோம். அவர் அதன்பிறகு லாரி ஓட்டுநர்களோடு நின்று பேசியதே இல்லை. கர்வம் பிடித்தவர் என்று சிலர் சொன்னார்கள். காரணத்தை அவர்கள் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கனவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு காலையில் அழைத்து, "பிடிச்சிட்டேன் குணா," என்றார். எங்கே என்று கேட்டேன். "கனவுல. ஆனா விரல்ல வாசன இருக்கு. தேவகிய மோந்து பாக்கச் சொன்னேன், இல்லன்றா. நீ வந்து பாரேன்." போனேன். அவருடைய விரல்களில் சோப்பு மணம்தான் இருந்தது. சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அன்று முழுவதும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாராம். அதே கனவு எனக்கும் வருவதை அதற்குப் பிறகுதான் அவரிடம் சொல்லும் தைரியம் வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருமல் வந்தது. விடவில்லை. வால்வை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்த மனிதர் இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் தள்ளிப்போட்டார். "கிளினிக் போனா என்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்லா," என்பார். அண்ணி அழுது தீர்த்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"கேக்குது குணா."

"இப்பவா?"

"நல்ல ரிசல்ட் வந்தா சந்தோஷத்துக்கு ஒண்ணுன்னுது. கெட்டது வந்தா இனிமே என்ன இருக்கு, ஒண்ணுன்னுது. ரெண்டுக்கும் காரணம் வச்சிருக்கு பாரு." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் அதைப் பிரித்துப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிவு கெட்டதுதான், நுரையீரலில் புற்றுநோய். அந்த இளம் மலாய் மருத்துவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: அப்படியென்றால் நான் சிகரெட்டை விட்டது வீணா? மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விடாமல் இருந்திருந்தால் இந்த நாற்காலிக்கு நீங்கள் எப்போதோ வந்திருக்கக்கூடும் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், உலு திராம் நெருங்கும்போது, "இனிமே நான் பிடிச்சா யாரும் திட்டமாட்டாங்க. அதான் பயமா இருக்கு," என்றார்.

கடைசி மாதத்தில் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆக்சிஜன் இயந்திரம் இடைவிடாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். வலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி நேரம் எங்கேயோ இருப்பார். அந்த நேரங்களில் இரண்டு விரல்களை உதட்டுக்குக் கொண்டுபோவார். முதன்முதலில் அதைப் பார்த்தபோது குளுவாங் கட்டிலைத்தான் மறுபடியும் பார்க்கிறேன் என்று தோன்றி, நான் கூடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு பிற்பகல் அண்ணி என்னை வரச்சொன்னார். சமையலறையில், தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்காரு தம்பி. பச்சப்புள்ள மாதிரி கேக்குறாரு. என்னால பாக்க முடியல." முந்தானையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியையும் லைட்டரையும் எடுத்தார். வாழ்நாளில் அவர் வாங்கிய முதல் பெட்டி அது. "போற உசுரு. ஒண்ணு குடுத்துறலாமா?"

கொடுத்தால் இத்தனை ஆண்டுகளும் என்னாவது? கொடுக்காமல் அவர் தவித்துக்கொண்டே போய்விட்டால் நாங்கள் இருவரும் எப்படித் தூங்குவது? ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பைக் காட்டக்கூடாது, தீப்பிடித்துவிடும் என்றேன். "டியூப கழட்டிட்டு ஒரு இழுப்பு?" என்றார். கழற்றினால் தாங்கமாட்டார் என்றேன். அண்ணி கேட்டுக்கொண்டே கூடத்துக்கு நடந்துவிட்டார். நான் பின்னால் போவதற்குள் ஒரு சிகரெட்டை அண்ணனுடைய உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

அவர் அதைப் பார்த்தார். விரல்கள் அதை எப்படிப் பிடிப்பதென்று மறந்திருக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்து போகும் குழாயைப் பார்வையாலேயே தொடர்ந்து இயந்திரம்வரை போனார்.

"மெஷின் ஓடுதுல்ல," என்றார். குரல் தெளிவாக இருந்தது. "பத்திக்கும் தேவகி."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நான் கேக்கல குணா. அது கேக்குது. இன்னும் கேக்குது. பயமா இருக்கு. கொண்டுபோய்டு."

பெட்டியையும் அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் போனேன். குப்பைத்தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போடவில்லை. அவர் விரலின் சூடு அதில் இன்னும் இருந்தது. புகையிலையின் மணம் என் கைக்கு வந்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணி வந்து என் கையிலிருந்து பிடுங்கி, குழாயைத் திறந்து, எல்லாவற்றையும் தண்ணீரில் நசுக்கிக் கரைத்தார். "உங்ககிட்டயும் இருக்க வேணாம்," என்றார்.

அதன்பிறகு அண்ணன் கேட்கவே இல்லை என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் கேட்டார். பலமுறை கேட்டார். விரல்கள் உயரும்போதெல்லாம் அண்ணி அந்த இரண்டு விரல்களையும் தம் கைக்குள் பிடித்துக்கொண்டு அவர் உறங்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

இறுதிச் சடங்கில் பேசிய ஒருவர், மணியம் கடைசிவரை அஞ்சாமல் இருந்தார் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது அவரைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை. அவர் பயந்தார். நோய்க்குப் பயந்தார், சாவுக்குப் பயந்தார். எல்லாவற்றையும்விடத் தமக்குள் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றுக்குப் பயந்தார். இனி அது வராது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாததால்தான் பயந்துகொண்டே அதற்கு இல்லை என்று சொல்ல அவரால் முடிந்தது. அண்ணி என்னிடம், "அவரு ரொம்பத் தவிச்சாரா தம்பி?" என்று கேட்டார். தவித்தார், ஆனால் தோற்கவில்லை அண்ணி என்றேன்.

அவர் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணி அலமாரியைத் திறந்துவிட்டார். நான் எதையும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பயம்தான். நேற்று மழை கட்டிக்கொண்டு வந்தபோது சிகரெட் ஆசை மறுபடி வந்தது. அழைக்க ஆள் இல்லை. பயந்துகொண்டே கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பயந்துகொண்டே மடித்தேன். கடைசித் துணியை மடித்து முடித்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, நான் வீட்டுக்குள் இருந்தேன்.