திறந்தே கிடந்த ஹீட்டர்

சென்னையில் ஓடும் ஜீப்புக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. என்னைவிட வயதான அந்த வண்டியில், மலைக்குளிருக்காக எவனோ வைத்தது. இஞ்சினில் சூடாகும் தண்ணீர் ஒரு வால்வு வழியாக, முன்சீட்டில் இருப்பவரின் காலருகே உள்ள இரும்புப் பெட்டிக்குள் போய்த் திரும்பும். வால்வை மூடினால் பெட்டி ஆறிவிடும். எங்கள் வண்டியில் வால்வைத் திருப்பும் கேபிள் அறுந்து, அது திறந்தபடியே நின்றுவிட்டது.

ஆதம்பாக்கத்து மெக்கானிக் பார்த்தவுடனே சொன்னார்: "மெட்ராஸ்ல ஹீட்டர் இன்னாத்துக்கு சார்? மூடி உட்டுர்றேன், அஞ்சு நிமிஷ வேல."

நான்தான் விடவில்லை. திறந்திருந்தால் கொஞ்சம் சூடு அந்தப் பக்கம் போய்விடும், தி.நகர் நெரிசலில் இஞ்சின் கொதிக்காது என்று எங்கேயோ படித்ததை வைத்து அவருக்கே பாடம் எடுத்தேன். அந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மனைவி ஒரே நாளில், கால் வேகிறது என்று பின்சீட்டுக்குப் போய்விட்டாள். முன்சீட்டு அப்பாவுக்கு என்றானது. ஒரு பிரதோஷத்தன்று அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர் கோயிலுக்குக் கிளம்பினோம். கோயில் வாசலில் செருப்பு தொலைந்துவிடும் என்று அப்பா வீட்டிலேயே அதை விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வண்டி ஏறுவார். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்தார்கள். பத்து நிமிஷ தூரத்துக்கு முக்கால் மணி நேரம். கால் சுடுகிறதா என்று ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றார். உடனே நான் பின்னால் திரும்பி, இந்த வயதில் அவரே வாயைத் திறக்கவில்லை, உனக்கு என்ன என்று மனைவியைக் குத்திக்காட்டினேன்.

கோயிலிலிருந்து வந்தால் கால் கழுவக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பாவும் கழுவவில்லை, யாரும் அவர் காலைப் பார்க்கவும் இல்லை. மறுநாள் காலை கூடத்துத் தரையில் ஈரத்தடம் இருந்தது. பின்தொடர்ந்து போன மனைவிதான் அவருடைய இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை வியாதியில் காலில் உணர்ச்சி போய் வெகுநாளாகியிருக்கும் என்றார் டாக்டர். புண் ஆறவில்லை. சீழ் பிடித்து, இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அன்றே வண்டியை ஆதம்பாக்கத்துக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் ஒரு வார்த்தை கேட்காமல் வால்வை மூடினார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், யாரோடாவது போட வேண்டியிருந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே உஸ்மான் ரோடு வழியாக, உச்சிவெயிலில், துணிக்கடைக் கூட்டத்துக்குள் வந்தேன். இஞ்சின் கொதிக்கவே இல்லை.

அந்தக் கோபத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவரிடம், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். கேட்டேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்றேன்.

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார்.

"சுட்டா சொல்ல மாட்டேனாடா?"