பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டர் சூடேறிய தவணை

தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டில் பிளக் குத்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது சாமித் தட்டுக்குக் கீழே இருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியதால் அதிபர் கம்பியூட்டரை என் மகளிடம் கொடுத்தனுப்பியபோது, வேறு யோசனைக்கு இடமில்லாமல் அங்கேதான் வைத்தோம். முருகன் காலடியில் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்று எனக்கு மனநிறைவுகூட.

மகள் அப்போது தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு அதிபர் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். தவணைப் பரீட்சைக்கு ஐந்து வகுப்புக் கேள்வித்தாள்களையும் தமிழில் அடித்து, பரீட்சைக்கு முந்தின திங்கட்கிழமை மெஷினோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

பரீட்சை நெருங்க நெருங்க அந்தப் பெட்டி இரையத் தொடங்கியது. முதலில் வண்டு முரலுவதுபோல. பிறகு நான் வேலை செய்கிற இறப்பர் ஸ்டோரில் ஷீட் அழுத்தும் ரோலர் சுற்றுவதுபோல. ஒருநாள் பாதித் தாள் அடிக்கையில் தானாகவே அணைந்துபோனது. பெட்டியைத் தொட்டேன், கஞ்சிப்பானைபோல் சுட்டது.

"கரண்ட் கம்மியா இருக்கும்ங்க" என்றாள் மனைவி.

"கரண்ட் கம்மின்னா பல்ப்பும் மங்கணும்ல" என்றாள் மகள்.

மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தேன். பின்பக்க ஆணியைக் கழற்றிப் பார்க்கத் துணியவில்லை. பெட்டியின்மேல் பள்ளிக்கூடத்து இலக்கம் பெயின்டால் எழுதியிருந்தது. ஏழைக்கு எட்டாத பொருள். நாம் தொட்டு உடைந்தால் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். செவ்வாய், வெள்ளி மட்டும் போட்டுவந்த சாம்பிராணியைத் தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் போட்டேன். தூபக்காலைப் பெட்டியைச் சுற்றி மூன்று தரம் காட்டினேன். இரைச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. வெள்ளிக்கிழமை கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் அணைந்தது.

சனிக்கிழமை அதைப் பழைய போர்வையில் சுற்றி, மகளோடு தெஹியோவிட்ட டவுனுக்குப் பஸ் ஏறினேன். மடியிலேயே வைத்துக்கொண்டேன். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் கொண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன், "பரிஸ்ஸமெங் மல்லி", கவனமாக தம்பி என்று. "ஏன், உள்ளே முட்டையா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

மெஷின் திருத்துகிற கடையில் ஒரு முஸ்லிம் தம்பி மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். புரொசெசருக்கு மேலே இருந்த விசிறியில் தவிட்டு நிறத்தில் ஏதோ அப்பிக்கிடந்தது. அதன் கீழே சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்குத் தெரியவே இல்லை. விரலால் வழித்து முகர்ந்தார்.

"இது தூசி இல்ல. ஏதோ புகை. எங்க வச்சிருந்தீங்க?"

"அடுப்படிக்குப் பக்கத்துல" என்றாள் மகள், என் முகத்தைப் பார்க்காமலே.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பதினெட்டு வருசமாக ஸ்டோரில் ஷீட் காயவைக்கும் புகையறைச் சுவரைச் சுரண்டுகிறவன் நான். கட்டிக் கரி எப்படி ஒட்டும், சூடு எப்படி உள்ளேயே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? சாமிக்குப் போடும் புகை மட்டும் ஒட்டாது என்று நினைத்துவிட்டேன். அது வெறும் நினைப்பு. பிள்ளையை எனக்காகப் பொய் சொல்ல வைத்தது அதைவிடக் கொடுமை.

"அடுப்பு இல்ல தம்பி. நான்தான். சாம்பிராணி காட்டினேன்."

அவர் சிரிக்கவில்லை. "நாங்களும் வெள்ளிக்கெழம கடைக்குச் சாம்பிராணி புடிக்கிறதுதான். மெஷின் கிட்ட மட்டும் கொண்டு போறல்ல" என்றார்.

பிரஷால் தகடு தகடாகச் சுரண்டினார். பழைய களிம்பைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் வெள்ளைக் களிம்பு ஒரு துளி வைத்து விசிறியை மறுபடி பூட்டினார். "சூடு கூடினா அதுவா அணைஞ்சிரும். கருகாம இருக்கத்தான் அப்பிடி. நீங்க அடிச்சதெல்லாம் உள்ள இருக்கும், பாப்பம்."

கடைத் திரையில் வெளிச்சம் வரும்வரை மனதுக்குள் கந்தா, கந்தா என்றுகொண்டிருந்தேன். நான்கு தாள்கள் அப்படியே இருந்தன. ஐந்தாவது பாதியோடு நின்றிருந்தது. மகள் கடை முக்காலியிலேயே உட்கார்ந்து மீதியை அடித்தாள். ஒருதரம்கூட அணையவில்லை. ஐந்து தாளையும் அந்தக் கடையிலேயே அச்செடுத்துக்கொண்டோம்.

பஸ்ஸில் வரும்போது, "அதிபர்கிட்ட சொல்லவேணாம்ப்பா" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திங்கட்கிழமை கூடவே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் இனி வராது என்றுதான் நின்றேன்.

அதிபர் தாள்களைப் புரட்டினார்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்க சார்" என்றேன்.

"கூரை இன்னும் ஒழுகுது. லெட்டர் நாளைக்குத் தாறேன். மெஷின அடுத்த தவணைக்கும் நீங்களே வச்சிருங்க, டீச்சர்."

மகள் முகம் மலர்ந்தது. நான் மட்டும் வீட்டில் இருக்கிற ஒரே பிளக்கையும் அதற்கு மேலே இருக்கிற சாமித் தட்டையும் நினைத்துக்கொண்டேன். இன்னுமொரு தவணை முழுக்க அது எங்கள் வீட்டில் இருக்கப்போகிறதே.